காட்டும் பணமும் கரையும் பணமும்

இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. இங்கே கட்டணம் கட்டும் மாணவர் அங்கே போய் ஒரு பருவம் படிக்கலாம். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. படிப்பைப் பொறுத்தவரை விவகாரம் இத்துடன் முடிந்தது. விசா விண்ணப்பத்தில்தான் அடுத்த கேள்வி வருகிறது. அங்கே இருக்கும் நாட்களுக்குச் செலவுக்கு என்ன வழி, அதற்கு என்ன அத்தாட்சி? பேங்க் ஸ்டேட்மென்ட், கல்விக்கடன் அனுமதிக் கடிதம், ஆடிட்டர் சான்று, உதவித்தொகைக் கடிதம், பெற்றோரின் உறுதிமொழி என்று பதில்கள் பல உருவங்களில் போய்ச் சேருகின்றன.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரசுகள் கேட்டுவரும் கேள்வி இது. எவ்வளவு காட்ட வேண்டும் என்பதில் அவை வேறுபடுவது எல்லோருக்கும் தெரியும். காட்டும் பணம் எதை நிரூபிக்கிறது என்பதிலேயே அவற்றுக்குள் உடன்பாடு இல்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசுக்குச் சுமையாக மாட்டார் என்பதையா? அந்த ஊர் விலைவாசியில் வாழ முடியும் என்பதையா? படிக்கத்தான் வருகிறார் என்பதையா? மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒரே காகிதத்தை நீட்டி மூன்றுக்கும் பதில் சொல்லச் சொல்வதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன.

துறைமுகத்தில் பிறந்த விதி

இந்த வழக்கத்தின் வேர் கல்விக்கூடத்தில் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது. பிறர் உதவியின்றித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் பொதுச் சுமையாகிவிடக்கூடியவர்களைத் திருப்பி அனுப்பலாம் என்று அமெரிக்கா 1882இல் சட்டம் செய்தது. அதில் தொகை எதுவும் குறிப்பிடப்படவில்லை. 1909இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவு ஆணையராக இருந்த வில்லியம் வில்லியம்ஸ், வந்திறங்குபவர் கையில் பயணச்சீட்டு போக 25 டாலராவது இருக்க வேண்டும் என்று அறிவித்தார். மங்கலான ஓர் அச்சம் எண்ணாக மாறிய தருணங்களில் இதுவும் ஒன்று.

எண் எப்படியெல்லாம் பயன்படும் என்பதைக் கனடா ஓராண்டு முன்னதாகவே காட்டியிருந்தது. ஆசியாவிலிருந்து வருவோர் கையில் 200 டாலர் இருக்க வேண்டும் என்று 1908இல் அங்கே ஆணை பிறந்தது. சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் தனி ஏற்பாடுகள் இருந்ததால், நடைமுறையில் அது இந்தியர்களின் தலையில் விழுந்தது. 1914இல் 376 பேருடன் வான்கூவர் வந்த கோமகட்டா மாரு கப்பல் திருப்பி அனுப்பப்பட்டதற்குப் பின்னால் இருந்த விதிகளில் இந்த 200 டாலரும் ஒன்று. கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் அல்லர். ஆனால், ஒருவர் வாழ எவ்வளவு தேவை என்ற கணக்கும் யாரை உள்ளே விடக்கூடாது என்ற கணக்கும் ஒரே தொகைக்குள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய சான்று கிடைப்பது அரிது. இன்றைய விமர்சகர்கள் இந்த வரலாற்றை அடிக்கடி நினைவூட்டுவதில் நியாயம் இருக்கிறது. இன்றைய ஒவ்வொரு தொகையிலும் அதே உள்நோக்கம் இருப்பதாகச் சொல்வதற்குத்தான் கூடுதல் ஆதாரம் வேண்டும்.

மாணவர் என்ற தனி வகை பின்னால் வந்தது. அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாடுகளுக்கு ஒதுக்கீடு வைத்தபோது மாணவர்களை அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்தியது. விலக்கு கிடைத்தது, பணம் பற்றிய சந்தேகம் அப்படியே கூட வந்தது.

தொகை எங்கிருந்து வருகிறது?

அரசுக்குச் சுமையாகிவிடக்கூடாது என்பது முதல் நிலைப்பாடு என்றால், இரண்டாவது சற்றுக் கண்ணியமானது. உள்ளூர் மாணவர் வாழ எவ்வளவு தேவை என்று நாமே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், வெளிநாட்டவரிடமும் அதையே கேட்போம் என்பது அதன் வாதம். ஜெர்மனி இதன் சீரான உதாரணம். வசதி குறைந்த உள்ளூர் மாணவர்களுக்கு அரசு தரும் ‘பாஃபெக்’ உதவித்தொகையின் உச்சவரம்பையே குடியிருப்புச் சட்டம் வெளிநாட்டு மாணவருக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அந்த உச்சவரம்பு மாதம் 934 யூரோவாக இருந்தபோது ஆண்டுக்கு 11,208 யூரோ காட்ட வேண்டியிருந்தது. 2024இல் அது 992 ஆனதும் தொகை 11,904க்கு ஏறியது.

பிரிட்டனிலும் இதே தர்க்கம்தான். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாதத் தொகை லண்டனில் 1,483 பவுண்டு, வெளியே 1,136 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குப் பெருக்கினால் அந்நாட்டு மாணவர்களுக்கான பராமரிப்புக் கடனின் அப்போதைய உச்சவரம்பை ஏறக்குறைய அப்படியே தொட்டது. ஆஸ்திரேலியா 2024 மே மாதம் ஆண்டுத் தொகையை 29,710 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியபோது, தேசியக் குறைந்தபட்ச ஊதியத்தில் 75 சதவீதம் என்ற கணக்கைச் சொன்னது. கனடா குறைந்த வருமான எல்லை என்ற புள்ளியியல் அளவைப் பிடித்துக்கொண்டு, அதன் 75 சதவீதமான 20,635 கனடிய டாலரை 2024 ஜனவரி முதல் கேட்டது.

கனடாவின் அந்த உயர்வுக்கு முன்கதை உண்டு. 2000களின் தொடக்கத்திலிருந்து 2023 முடியும்வரை அங்கே தனி மாணவர் காட்ட வேண்டியிருந்தது வெறும் 10,000 டாலர். இடைப்பட்ட காலத்தில் டொரண்டோ, வான்கூவர் வாடகைகள் எங்கே போயின என்பதைச் சொல்லத் தேவையில்லை. விதிப்படி பணம் காட்டி வந்தவர்களில் பலர் அடித்தளத்து அறையொன்றில் நெருக்கியடித்துக்கொண்டு, உணவு வங்கி வரிசையில் நிற்க நேர்ந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, எண்தான் காலாவதியாகியிருந்தது. விலைவாசியோடு இணைக்கப்படாத தொகை யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இந்த இருபதாண்டுகள் போதிய சான்று. ஆனால் திருத்தம் வந்த விதமும் சரியில்லை. ஒரே அடியில் இருமடங்கு ஏறிய தொகை, இரண்டு ஆண்டுகளாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களின் கணக்கைக் குலைத்தது.

மியூனிக்கில் 992 யூரோ

உள்ளூர் அளவுகோலை இரவல் வாங்குவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஜெர்மனியின் 992 யூரோவைப் பிரித்துப் பார்த்தால் அது தெரியும். அடிப்படைச் செலவுக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவக் காப்பீட்டுக்கு 102, பராமரிப்புக் காப்பீட்டுக்கு 35. வாடகைக்கு என்று எழுதப்பட்டிருக்கும் 380ஐ 2024 இலையுதிர்காலச் சந்தை நிலவரத்தோடு ஒப்பிட வேண்டும். பல்கலைக்கழக நகரங்களில் பகிர்வு வீட்டு அறை ஒன்றின் சராசரி வாடகை அப்போது 489 யூரோ என்றும், மியூனிக்கில் 790 என்றும் மோசஸ் மெண்டல்சன் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. மியூனிக் அறைக்கு 790 போனால் மிச்சம் 202. மாணவர் மருத்துவக் காப்பீடு 140 யூரோவை ஒட்டி வரும். சாப்பாடு, செல்போன், பேருந்து, புத்தகம் எல்லாவற்றுக்கும் மீதியிருப்பது 60 யூரோ சொச்சம்.

சிறு நகரமொன்றில், மாணவர் விடுதியில் இடம் கிடைத்தவருக்கு இதே 992 தாராளமாக இருக்கலாம். ஒரே எண் ஓரிடத்தில் வசதியையும் இன்னோரிடத்தில் வறுமையையும் குறிக்கிறது. லண்டனைத் தனியாகப் பிரித்த பிரிட்டன் போல ஜெர்மனி ஊர்வாரியாகப் பிரிக்கவில்லை. உள்ளூர் மாணவர்களிலும் பெரும்பான்மையினர் இந்த உதவித்தொகையைப் பெறுவதில்லை. பெறுபவர்களிலும் பலருக்கு உச்சவரம்பு கிடைப்பதில்லை. படிப்புக்குப் போதிய அளவு உதவி வேண்டும் என்று அரசமைப்பைக் காட்டி மாணவர் உரிமை கோர முடியாது என்று ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றமே 2024 செப்டம்பரில் முடிவு செய்தது. உள்ளூரில் கொள்கை முடிவாக மட்டுமே இருக்கும் ஒரு தொகை, வெளிநாட்டவருக்கு மட்டும் தாண்டியே ஆகவேண்டிய வாசற்படியாகிவிடுகிறது.

ஆனாலும் ஜெர்மன் முறையில் ஒரு நேர்மை உண்டு. மாணவர்கள் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்று சொல்லும் கணக்கில் முழுத் தொகையையும் முன்கூட்டியே போட வேண்டும்; மாதம் 992க்கு மேல் எடுக்க முடியாது. காட்டிய பணமே செலவழிக்கப்படும் பணமாகிறது. கனடாவின் ஜிஐசி முதலீட்டுச் சான்றும் இதே வகை. காட்டிவிட்டுத் திருப்பிக்கொடுக்கும் வித்தைக்கு இங்கே இடமில்லை. அதற்கு மாணவர் தரும் விலை, ஓராண்டுப் பணத்தை ஒரே நாளில் திரட்டுவது. யூரோ 90 ரூபாய் என்றால் 10.71 லட்சம், 100 ரூபாய் என்றால் 11.90 லட்சம். ஒரு பருவத்துக்கு மட்டும் போகிறவர் தங்கும் மாதங்களுக்கே காட்டினால் போதும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ.

முதல் மாதம்தான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம். ஜெர்மனியில் வீட்டு முன்பணம் மூன்று மாத வாடகைவரை போகலாம். கணக்கைத் திறந்துவிடப் பெரும்பாலும் உள்ளூர் நடப்புக் கணக்கு வேண்டும், நடப்புக் கணக்குக்கு முகவரிப் பதிவு கேட்கப்படலாம், முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் கடிதம் வேண்டும், வீட்டுக்கு முன்பணம் வேண்டும். ஆறாயிரம் யூரோ சொந்தப் பெயரில் இருக்கும்போதே கைமாற்றுக் கேட்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. முன்பணத்தை மூன்று தவணையாகக் கட்ட ஜெர்மன் சட்டம் அனுமதிக்கிறது என்பது புதிதாக வருபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பணமா, நோக்கமா?

மூன்றாவது நிலைப்பாட்டுக்குத் தொகையைவிட அதன் ஜாதகம் முக்கியம். பிரிட்டன் கேட்கும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் விழுந்துவிடலாம். அமெரிக்காவில் முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் தயாராக இருப்பதைக் காட்டவேண்டியதோடு, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, குடியேறும் எண்ணம் இல்லை என்றும் தூதரக அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அங்கே பணம் ஒரு குணச்சான்று போலவும் வாசிக்கப்படுகிறது. குறைவாக இருந்தால், வேலை பார்க்க வருகிறார் என்று சந்தேகம். திடீரென்று நிறைய வந்திருந்தால், யாருடைய பணம் என்று சந்தேகம்.

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நேர்காணலுக்கு முன் சில வாரங்களுக்குக் கமிஷன் பேசிக் கணக்கில் பணம் ‘நிற்கவைத்து’ எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நம் ஊர்களில் யாருக்கும் புதிதல்ல. 28 நாள் விதி, ஆறு மாத ஸ்டேட்மென்ட் எல்லாம் இந்த விளையாட்டுக்கு எதிராட்டங்கள்தான். நாட்களை நீட்டினால் கமிஷன் ஏறும் என்பதைத் தவிர வேறென்ன மாறும் என்பது விவாதத்துக்குரியது.

இந்த நிலைப்பாட்டின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அது குடும்பத்தின் சேமிப்பு எங்கே இருக்கும், யார் பணம் தருவார் என்று ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு நகையிலும் மனையிலும் சீட்டிலும் கிடக்கிறது. தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழும் ஆடிட்டரின் நிகர மதிப்புச் சான்றும் அமெரிக்க நேர்காணலில் துணை ஆவணமாக ஏதாவது எடை பெறலாம். பிரிட்டனில் நிலமும் நகையும் பங்குப் பத்திரமும் பணமாகக் கருதப்படுவதில்லை. அங்கே மாணவர் தன் கணக்கையும் பெற்றோர் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலர் கணக்கையும் காட்டலாம். துணைவர் உடன் வந்தால் அவர் கணக்கையும் காட்டலாம். படிக்கவைப்பதே தாய்மாமன் அல்லது சித்தப்பா என்றால், அவர் அக்கவுண்டில் எத்தனை லட்சம் இருந்தாலும் அது கணக்கில் வராது. முதலில் மாணவர் பெயருக்கோ பெற்றோர் பெயருக்கோ மாற்றி, 28 நாள் காத்திருக்க வேண்டும். அமெரிக்கா யாரையும் ஸ்பான்சராக ஏற்கிறது. உறவை விளக்கும் பொறுப்பு மாணவருடையது.

கடவுச்சீட்டைப் பொறுத்தும் சந்தேகத்தின் அளவு கூடிக் குறைகிறது. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாட்டினர் பிரிட்டன் விண்ணப்பத்துடன் நிதி ஆவணங்களை இணைக்கத் தேவையில்லை. கேட்டால் மட்டும் கொடுத்தால் போதும். இந்தியர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பினாங்குத் தமிழ் மாணவரும் மதுரைத் தமிழ் மாணவரும் ஒரே வகுப்புக்குப் போக வெவ்வேறு தடிமனில் கோப்பு சுமக்கிறார்கள். கடந்தகால மோசடி விகிதத்தைக் கொண்டு இப்படிப் பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி. தனி ஒருவரின் நேர்மையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சொன்னால் போதும் என்ற பதில்

எதிர்முனையில் நிற்கிறது ஐரோப்பிய ஒன்றியம், தன் சொந்தக் குடிமக்கள் விஷயத்தில். 2004ஆம் ஆண்டின் 38ஆம் எண் நெறியுரை, இன்னோர் உறுப்பு நாட்டில் படிக்கப் போகிறவர் தன்னிடம் போதிய வசதி இருப்பதாக அறிவித்தால் போதும் என்கிறது. அந்த அறிவிப்பில் குறிப்பிட்ட தொகை எதையும் எழுதச் சொல்லக்கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளோடு அல்லாடும் மற்ற உலகத்துக்கு இது கற்பனைக் கதை போலத் தோன்றலாம்.

அறிவித்தவருக்குப் பிறகு பணம் தீர்ந்துபோனால்? பெல்ஜியத்தின் லூவான் லா நோவில் படித்த பிரெஞ்சு மாணவர் ஒருவர் மூன்று ஆண்டுகள் சிறு வேலைகளிலும் கடனிலும் சமாளித்துவிட்டு, நான்காம் ஆண்டில் பெல்ஜியத்தின் குறைந்தபட்ச வாழ்க்கை உதவியைக் கேட்டார். உள்ளூர் மாணவருக்குக் கிடைக்கும் அந்த உதவியை அயல்நாட்டவர் என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்று 2001 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் சொன்ன வசதி காலப்போக்கில் மாறலாம், உறுப்பு நாடுகளுக்கிடையே ஓரளவு நிதி ஒருமைப்பாடு இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு. பின்வந்த 2004 நெறியுரை இந்த வாசலைக் கொஞ்சம் சாத்தியது. படிப்பு உதவித்தொகையை ஐந்தாண்டு வசிக்காதவருக்கு மறுக்க நாடுகளுக்கு இடம் கொடுத்தது.

1987இல் 11 நாடுகளையும் 3,244 மாணவர்களையும் கொண்டு தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் இவ்வளவு வளர்ந்ததற்குக் காகிதச் சுமை குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனால் இந்த முறையை அப்படியே வெளியே எடுத்துச்செல்ல முடியாது. அங்கே சொல்லை நம்புவது தனி மாணவரை நம்புவதால் அல்ல. அவர் நாட்டையும், நாடுகளுக்கிடையே உள்ள ஒப்பந்தத்தையும் நம்புவதால். வெளியிலிருந்து வருபவருக்கு அதே ஐரோப்பா எழுதிய 2016ஆம் ஆண்டு நெறியுரை மீண்டும் ஒரு மாதிரித் தொகைக்குத்தான் திரும்புகிறது.

பிறர் பொறுப்பேற்றால்

பரிமாற்ற மாணவர்களுக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது இன்னொரு வழி: பணத்துக்கு ஒரு நிறுவனம் பொறுப்பேற்பது. போரில் மிஞ்சிய அமெரிக்கத் தளவாடங்களை அயல்நாடுகளில் விற்ற பணத்தைக் கொண்டு 1946இல் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டம் உருவானது. 1950இல் இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. உதவித்தொகைக் கடிதமே அங்கே நிதிச் சான்று. ஆனால் யார் பணம் என்பதைப் பொறுத்துப் பின்விளைவும் மாறுகிறது. அரசுப் பணத்தில், பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போனவர், சில வகைக் குடியேற்ற உரிமைகளைக் கேட்கும் முன் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். சொந்தப் பணத்தில் போனவரை அந்த நிபந்தனை பெரும்பாலும் தொடுவதில்லை.

உதவித்தொகைகளும் விதித் தொகைகளும் எப்போதும் பொருந்துவதில்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி தன் முதுநிலை மாணவர் உதவித்தொகையை 992 யூரோவுக்கு உயர்த்தி இரண்டையும் ஒன்றாக்கியது. எராஸ்மஸ் திட்டத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவருக்கு நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ. ஒன்றியமே போதும் என்று தரும் தொகை, ஒன்றியத்தின் பெரிய உறுப்பு நாடு போதும் என்று சொல்லும் தொகைக்குக் கீழே இருக்கிறது. மிச்சத்தைத் தனியாகக் காட்டும் பொறுப்பு மாணவர் மேல் விழலாம்.

நாணயம் சரியும்போது

எல்லா நிலைப்பாடுகளும் விண்ணப்ப நாளின் நிலவரத்தையே பார்க்கின்றன. நைஜீரியா 2023 ஜூனில் நாணய மாற்றுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது டாலருக்கு 460 நைரா என்றிருந்தது, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 1,400ஐத் தாண்டியது. பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்களின் சேமிப்பு கரைந்தது. டீசைட் பல்கலைக்கழகத்தில் கட்டணத் தவணை தவறியவர்கள் படிப்பிலிருந்து நீக்கப்பட்டது 2024 மே மாதம் செய்தியானது. அவர்கள் காட்டிய ஆவணம் காட்டிய நாளில் உண்மையானது.

இந்திய மாணவருக்கு ரூபாய்ச் சரிவு மெதுவானது. வேறு விதமான இடைவெளிகள் அவரைப் பாதிக்கின்றன. கல்விக்கடனை வங்கி பருவம் பருவமாக விடுவிக்கிறது, பிளாக்டு அக்கவுண்ட் முழுத் தொகையையும் முதல் நாளே கேட்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுமதிப்பதால் உச்சவரம்பு பிரச்சினை இல்லை. சொந்தப் பணம் 10 லட்சத்தைத் தாண்டி அனுப்பப்படும்போது பிடிக்கப்படும் வரி பின்னால் கணக்கில் வரவு வைக்கப்படும் என்றாலும், நெருக்கடியான மாதத்தில் கையிலிருந்து போவது போவதுதான். வங்கிக் கல்விக்கடனில் போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் இந்தப் பிடித்தம் இல்லை என்பது சிறு ஆறுதல்.

இன்னும் முடிவாகாதவை

இந்த நிலைப்பாடுகளில் எதுவும் முழுத் தோல்வி அல்ல. சுமை பற்றிய அச்சத்துக்கு முன்கூட்டிக் கட்டும் கணக்கு நல்ல பதிலாகத்தான் தெரிகிறது. நோக்கத்தைப் பணத்தின் வழியே அளப்பதுதான் இவற்றில் மிகவும் பலவீனமானது என்று இந்தக் கட்டுரை கருதுகிறது. கடன் வாங்கிப் படிக்கப் போகிறவரின் உறுதி, அப்பாவின் வைப்புநிதியோடு போகிறவரின் உறுதியைவிடக் குறைந்தது என்று எந்த ஸ்டேட்மென்ட்டும் காட்டுவதில்லை.

ஒரு பருவ மாணவருக்கு இந்தச் சோதனை எவ்வளவு தேவை என்பது திறந்தே கிடக்கிறது. கட்டணத்தைச் சொந்தக் கல்லூரியில் கட்டிவிட்டு, திரும்பி வந்து பட்டம் வாங்க வேண்டிய கட்டாயத்தோடு போகிறவர் அவர். மூன்றாண்டு படிக்கப் போகிறவருக்கான அதே படிவத்தை அவருக்கும் நீட்டுவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் சொல்லப்படுவதில்லை. ஒப்பந்தம் போட்ட இரு பல்கலைக்கழகங்களே கூட்டாக உத்தரவாதம் தர முடியுமா, தந்தால் மாணவர் பாதியில் தவித்தபோது எந்த நாட்டுக் கல்லூரி பணம் கொடுக்கும், ஏழைக் கல்லூரிகள் அப்படிப்பட்ட உத்தரவாதத்துக்கு அஞ்சி மாணவர்களை அனுப்புவதையே நிறுத்திவிடுமா என்பன அடுத்தடுத்த கேள்விகள். ஊர்வாரி வாடகையைக் கணக்கில் கொண்டால் தொகை நியாயமாகும். அதே வேகத்தில் மியூனிக்கும் லண்டனும் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்றும் ஆகிவிடலாம். குறைந்த தொகை கேட்டு உள்ளே விட்டபின் தவிக்கவிடுவதா, உண்மையான தொகையைக் கேட்டு வாசலிலேயே நிறுத்துவதா என்ற இந்த இழுபறியில் கனடா முதல் வழியிலிருந்து இரண்டாவதற்குத் தாவியிருக்கிறது. அந்தத் தாவலால் யார் வராமல் போனார்கள் என்ற கணக்கு வெளிவந்த பிறகுதான் இரண்டில் எது குறைந்த தீங்கு என்று பேச முடியும்.